முப்பத்தெட்டு முறை யாக

துணைக்கருவி வாரியத்தில் ஒரு கால் வாங்க வேண்டுமென்றால் முப்பத்தெட்டு முறை போக வேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு, அதன் கதவில் ‘கோப்புகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. ஆகவே கோப்புகள் லிஃப்டில் போயின, கால் இல்லாதவர்கள் படியேறிப் போனார்கள்.

மேலே போனால் முத்திரைக்காரர் உட்கார்ந்திருப்பார். முப்பத்தெட்டுக் கட்டம் போட்ட மஞ்சள் அட்டையை அவரிடம் நீட்ட வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு “யாக” என்று சொல்ல வேண்டும்.

“கேக்கல,” என்பார் முத்திரைக்காரர்.

“யாக.”

கட்டத்தில் முத்திரை விழும். அடுத்த ஆள்.

எதற்கு இந்த யாக என்று யாராவது கேட்டால் அவர் தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் சுவரைக் காட்டுவார். விதிக் கையேடு இரண்டாம் பதிப்பின் பதினான்காம் விதி அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது: ‘விண்ணப்பதாரர் வாரிய அலுவலகத்துக்கு 38 முறை யாக வந்து கையொப்பமிட்டுக் கருவியைப் பெற்றுக்கொள்ளலாம்.’ அதன் கீழே ஒரு சுற்றறிக்கை: ‘மேற்படி விதியில் வரும் “யாக” என்னும் சொல்லின் பொருள் குறித்து ஐயம் எழுந்துள்ளதால், மறு உத்தரவு வரும்வரை விண்ணப்பதாரரே அதைச் சொல்லிவிட வேண்டும்.’ ஆறு வருடமாக மறு உத்தரவு வரவில்லை. பேச்சு வராத ஒருவருக்கு, சொல்ல முடியாது என்று மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி வர ஒன்பது வாரம் பிடித்தது. அந்த ஒன்பது வாரமும் கணக்கில் சேரவில்லை.

இந்த வாரியத்துக்குத்தான் கமா வேலைக்கு வந்தாள். அவள் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்தியவள். யாராவது மூச்சுவிடாமல் பேசினால், “அங்க ஒரு கமா போட்டுட்டுப் பேசுங்க,” என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சகம் மூடியதும் வாரியத்தில் மூன்று மாத ஒப்பந்தத்துக்குக் கணினி வேலை கிடைத்தது.

வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவளுடைய அண்ணன் லாரி மெக்கானிக். லாரியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி நழுவி, முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. அவருடைய மஞ்சள் அட்டையில் அப்போது இருபத்தொன்பது முத்திரை இருந்தது. உள்ளே நம் ஆள் ஒருத்தி இருந்தால் ஒன்றிரண்டு முறையாவது குறையாதா என்று அண்ணிக்கு ஓர் ஆசை. கமா முதல் வாரத்திலேயே கண்காணிப்பாளரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“உங்க அண்ணனா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “வெளிய மூச்சு விடாதீங்க. ஊழியரோட சொந்தம்னு தெரிஞ்சா, பாரபட்சம் இல்லன்னு காட்ட ரெண்டு தடவை கூடுதலா வரச் சொல்லணும்.”

அவர் அதைக் கனிவோடுதான் சொன்னார்.

கமா வந்த இரண்டாவது வாரம் இயக்குநர் முதன்முறையாக விதிக் கையேட்டைத் திறந்து பார்த்தார். பதவிக்கு வந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. வரிகள் பாதியில் முறிந்து, சொற்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. நடுநடுவே ‘துணைக்கருவி வாரியம், துணைக்கருவி வாரியம்’ என்று யாரோ தூக்கத்தில் உளறியதுபோல வந்துகொண்டிருந்தது.

“என்னய்யா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?” என்றார். “சுத்தம் பண்ணி மூணாவது பதிப்பு போடுங்க. முன்னாடி என் முன்னுரை. நான் பதவியேத்து ஒரு வருஷம் நிறையற அன்னிக்கு வெளியீடு.”

அதற்கு ஏழு வாரம் இருந்தது. வேலை கமாவிடம் வந்தது.

முதல் பதிப்பை அடித்த கணினி எப்போதோ செத்துப்போய், அதன் பிடிஎஃப் மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டாம் பதிப்புக்காக ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் அந்தப் பிடிஎஃபை அப்படியே காப்பி செய்து, வேர்டில் ஒட்டி, அன்று மாலையே அச்சுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். கமாவும் காப்பி செய்து ஒட்டினாள். பழைய எதிரி முகம் காட்டியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரியை முறிக்கிற ஓர் என்டர். ‘கருவி’ மேல் வரியில், ‘யை’ கீழ் வரியில். ஒற்றைக் கொம்புகள் தங்கள் எழுத்தை விட்டுவிட்டு முன்னால் போய் அனாதையாக நின்றன. பக்கத்தின் தலையிலும் காலிலும் இருந்ததெல்லாம் வாக்கியத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது.

அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். அவளுக்கு அது கை வந்த கலை. பத்தி முடிகிற இடத்தில் இரண்டு என்டர் சேர்ந்து வரும். முதலில் அவற்றை ஓர் அடையாளக் குறியாக மாற்ற வேண்டும். பிறகு மிச்சமுள்ள ஒற்றை என்டர்களை இடைவெளியாக்க வேண்டும். கடைசியில் அடையாளத்தை மறுபடி பத்தியாக்க வேண்டும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் கண்ணும் பொறுமையும்.

எதையும் மாற்றுவதற்கு முன் பிடிஎஃபோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் படிப்பது அவள் வழக்கம். மூன்றாம் நாள் பதினான்காம் விதிக்கு வந்தாள். பிடிஎஃபில் அந்தப் பக்கத்தின் கடைசிச் சொல் ‘அலுவலகத்துக்கு’. அதற்குக் கீழே, பக்கத்தின் அடியில், நட்டநடுவில் 38. அடுத்த பக்கத்தின் முதல் சொல் ‘முறையாக’, ஒட்டும்போது இரண்டாக உடைந்த சொல்.

முறையாக வந்து கையொப்பமிட்டு.

ஒழுங்காக வா, கையெழுத்துப் போடு, வாங்கிக்கொண்டு போ. விதி அவ்வளவுதான்.

கமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து நிற்கும் அண்ணன் கண்ணில் வந்தார். கணினியை அப்படியே விட்டுவிட்டுக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள்.

அவர் அவள் காட்டிய தாளைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“தொட்டீங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

“நல்ல பொண்ணு. இது எங்களுக்குத் தெரியும்மா.”

“தெரியுமா?”

“தெரியாம என்ன? நாங்க என்ன படிக்காதவங்களா?” அவர் கையேட்டைப் புரட்டி முப்பத்தொன்றாம் விதியில் விரலை வைத்தார். “இதைப் படிங்க.”

‘பணியாளர் விடுப்பு ஆண்டுதோறும் 71 நாட் கணக்கில் பதிவு செய்யப்படும்.’

“இந்த எழுபத்தொண்ணு என்ன எண்ணு?”

“பக்க எண் சார். ‘நாட்கணக்கில் பதிவு செய்யப்படும்’தான் சரி.”

“சரி, தப்பு இருக்கட்டும். ஆறு வருஷமா எங்க பிள்ளைங்க அப்பா முகத்தைப் பார்க்கறதே அந்த எழுபத்தொண்ணாலதான். முப்பத்தெட்டைப் பிடுங்கினா எழுபத்தொண்ணும் வேரோட வந்துடும். உங்க ஒருத்தர் அண்ணனுக்காக இங்க நாப்பது குடும்பம் அழணுமா?”

கமா நேராக இயக்குநருக்கு ஒரு மனு எழுதி, இரண்டு பக்கங்களின் நகலையும் சேர்த்து அனுப்பினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இயக்குநர் மனுவைப் படிக்காமல் ஒரு குழுவை அமைத்தார்.

குழுவில் ஐந்து பேர். கண்காணிப்பாளர்தான் முதலில் பேசினார்.

“முப்பத்தெட்டு முறை கொடுமைன்னு இந்தம்மா எழுதியிருக்காங்க. நான் கேக்கறேன், நல்ல கால் இருக்கிறவன் எவனாவது முப்பத்தெட்டு தடவை மாடி ஏறி வருவானா? மாட்டான். அப்போ வர்றவன் உண்மையிலேயே கால் இல்லாதவன். இதைவிட நல்ல சோதனை எந்த ஆஸ்பத்திரியில இருக்கு? ஆறு வருஷத்துல நாலே நாலு மோசடிப் பேர்வழிங்கதான் விண்ணப்பிச்சாங்க. ரெண்டாவது வாரமே ஓடிட்டாங்க.”

“உண்மையானவங்க எத்தனை பேர் சார் முழுசா வந்தாங்க?” என்று கமா கேட்டாள்.

“அவங்கள்லயும் முக்கால்வாசிப் பேர் ஓடிட்டாங்க. அதுதான் நம்ம வாரியத்தோட பெருமை. மத்த இடத்துல கருவி பத்தாக்குறை. நம்ம கிடங்குல கால் அடுக்க இடம் இல்ல.”

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் வாரிய ஊழியர் அல்ல. வெளியிலிருந்து வந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர். சொன்ன கருத்தை எதற்காகவும் மாற்றிக்கொள்ளாதவர் என்று பெயர் வாங்கியிருந்தார்.

“இந்தம்மா சொல்றது உண்மை. அது பக்க எண்தான்,” என்றார்.

கமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“வாரியம் உண்மையை மறைக்கக் கூடாது. பக்க எண்ணுன்னு ஏத்துக்குவோம். ஏத்துக்கிட்ட பிறகு அதை எடுக்க முடியுமா? எந்தப் புத்தகத்துலயாவது பக்க எண்ணை எடுப்பாங்களா? ஆகவே அது இருக்கிற இடத்துலயே இருக்கும். ஆனா ஒண்ணு. புதுப் பதிப்புல பக்கம் மாறும். அப்போ எண்ணும் மாறணும். இல்லன்னா பொய்யான பக்க எண்ணைப் போட்டு ஜனங்களை ஏமாத்தின பாவம் நமக்கு. விதி எந்தப் பக்கத்துல இருக்கோ, அந்தப் பக்கத்தோட எண்தான் விதிக்குள்ள இருக்கணும்.”

“அப்போ, பாதித் தடவை வந்தவங்க?”

“வெளியீட்டு நாள்லேருந்து எல்லாருக்கும் புதுப் பதிப்புதான். பாதி, முழுசு எல்லாம் கிடையாது.”

தீர்மானம் நிறைவேறியது. கண்காணிப்பாளர் தேநீர் வரவழைத்தார். அந்த இரண்டு எண்களையும் கையால் அடிக்க வேண்டாம், பக்கம் மாறினால் தானாக மாறுகிற மாதிரி வைத்துவிடுங்கள் என்று கமாவுக்கு உத்தரவு. வேர்டில் அதற்கு வசதி உண்டு. கமா வைத்தாள்.

பிறகு அவள் சுத்தம் செய்யத் தொடங்கினாள். பக்கத்துக்குப் பதினெட்டு வரி வீதம் தொண்ணூறு பக்கம். ஆயிரத்து அறுநூற்றிருபது என்டர். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். அறுந்த சொற்கள் ஒட்டின. தலைப்பு உளறல்கள் ஒழிந்தன. வரிகள் கைகால் நீட்டிப் படுத்தன. ‘38 முறை யாக’, ‘71 நாட் கணக்கில்’ என்ற இரண்டு இடங்களில் மட்டும் கை வைக்கவில்லை, குழு தடுத்திருந்தது. புத்தகம் ஈரத்துணியைப் பிழிந்ததுபோலப் பாதியாகச் சுருங்கியது.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். முப்பத்தொன்றாம் விதியில் 40 என்று இருந்தது.

“எங்கே என் முப்பத்தொரு நாள்?” என்று அலறினார்.

“என்டர் எடுத்தா பக்கம் குறையும் சார்.”

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

பதினான்காம் விதியில் 21 என்று இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. கமா பார்த்திருந்தாள். அண்ணனுக்கு அப்போது முப்பத்திரண்டு முத்திரை ஆகியிருந்தது. இந்தப் பதிப்பு இப்படியே வந்துவிட்டால் போதும் என்று முந்தின நாள் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் கொதித்தது. எடுத்த ஒவ்வொரு என்டருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. படிவத்தில் ‘நீக்கப்பட்டது எது?’ என்று ஒரு கேள்வி. கமா ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள். ‘ஒன்றுமில்லை என்றால் எதை நீக்கினீர்கள்?’ என்று படிவம் திரும்பி வந்தது. ஆயிரத்து அறுநூற்றிருபது படிவமும் லிஃப்டில் போய், லிஃப்டில் வந்தன. ஆனால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இயக்குநரின் வாய்மொழி. என்டர்களைத் திரும்பப் போடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கண்காணிப்பாளருக்குத்தான் யோசனை உதித்தது. முன்னுரையும் புத்தகத்தில்தானே சேர்த்தி? முன்னுரை ஒரு பக்கம் நீண்டால் விடுப்பு ஒரு நாள் நீளும்.

அன்று முதல் இயக்குநரின் அறைக்கு வெளியே கூட்டம் நின்றது. “சார், உங்க பள்ளிக்கூட நாட்களைப் பத்தி ஒரு வரிதான் இருக்கு. இளைய தலைமுறை ஏமாந்துடும்,” என்றார் பதிவறைக்காரர். “நீங்க சைக்கிள் கத்துக்கிட்டதை எழுதவே இல்லையே சார்,” என்று காசாளர் கண் கலங்கினார். இயக்குநர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு எழுதினார். நாலு பக்கம் பன்னிரண்டாயிற்று, பன்னிரண்டு முப்பதாயிற்று. சைக்கிள் மட்டும் ஆறு பக்கம் ஓடியது. கண்காணிப்பாளர் தினமும் காலையில் வந்ததும் திரையில் தன் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடித்தார். எழுபது. எண்பத்திரண்டு. ஒரு வியாழக்கிழமை முன்னுரை அறுபதாம் பக்கத்தைத் தொட்டது. முப்பத்தொன்றாம் விதியில் நூறு வந்து நின்றது. அலுவலகமே கைதட்டியது.

பதினான்காம் விதியில் எண்பத்தொன்று.

அன்று மாலை கமா வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உற்சாகமாக இருந்தார்.

“முப்பத்தஞ்சு ஆச்சு பாப்பா. இன்னும் மூணுதான். கால் வந்ததும் முதல் வேலையா பட்டறைக்குப் போயி அந்த ஜாக்கியை ஒரு உதை உதைக்கணும்.”

“அண்ணா, புதுப் புத்தகம் வருது. எண்பத்தொண்ணு ஆக்கிட்டாங்க.”

அண்ணன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். “இதுல இடமே இல்லையே,” என்றார்.

அடுப்படியிலிருந்து அண்ணி வந்து நின்றாள். “வெளியீட்டை ரெண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லக் கூடாதா?”

“கேட்டேன் அண்ணி. இயக்குநருக்கு ஒரு வருஷம் நிறையறது தள்ளிப்போகாதாம்.”

“எண்பத்தொண்ணுக்கு ஏற இவருக்கு இன்னொரு காலும் போயிடும்,” என்றாள் அண்ணி. “படிச்ச பொண்ணு நீ. அத்தனை பேரும் அந்தாளுக்கு எழுதிக் குடுக்கறாங்களே, நீயும் போய் ஏதாவது சொல்லேன்.”

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். கமா அதைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இயக்குநர் அறைக்கு வெளியே நின்ற கூட்டத்தில் அவளும் நின்றாள். முறை வந்ததும் உள்ளே போனாள்.

“சார், ஒரு சின்ன மனக்குறை. உங்க முன்னுரைக்கும் விதிகளுக்கும் ஒரே எண் வரிசை போகுது. நீங்க பிறந்ததைச் சொல்ற பக்கத்துக்கு மூணுன்னு எண் போட்டு, கால் இல்லாதவங்களுக்கு எண்பத்தொண்ணுன்னு போட்டா, ஒரே பந்தியில உட்கார வெச்ச மாதிரி இருக்கு.”

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். “ஆமா, இதை ஏன் யாரும் சொல்லல?”

“பெரியவங்க முன்னுரைக்கு எண்ணே போட மாட்டாங்க சார். விதிகள் மட்டும் ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கும்.”

“சரிதான். என்னை யாரும் எண்ணக் கூடாது.”

“இன்னொண்ணு சார். இந்தப் பாக்கெட் அளவுல உங்க படம் தபால் தலை மாதிரி இருக்கு. செய்தித்தாள் அளவுக்குப் போட்டா, நுழைஞ்சதும் கண்ணாடி மேசையில விரிச்சு வைக்கலாம். முன்னுரை பெரிய எழுத்துல. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம்.”

“அப்போ விதிகள்?”

“கடைசியில எறும்பு எழுத்துல ரெண்டே பக்கத்துல ஒடுக்கிடலாம் சார்.”

“ஒடுக்குங்க,” என்றார் இயக்குநர், வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னைப் புரிந்துகொண்ட ஒருவரைப் பார்த்ததுபோல. அதையே எழுத்திலும் கொடுத்தார்.

அச்சுக்குப் போகும் முன் நாற்பது பணியாளர்களும் சட்ட ஆலோசகரும் ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும். கமா தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். எல்லோரும் முன்னுரையில் தாங்கள் சொல்லிக் கொடுத்த பகுதி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது, கையெழுத்துப் போட்டார்கள். கண்காணிப்பாளர் மட்டும் ஜாக்கிரதைக்காரர்.

“முன்னுரை அறுபது பக்கமும் இருக்கா?”

“பெரிய எழுத்துல போட்டதால எழுபது சார்.”

“எழுபதா!” அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்து முகம் மலர்ந்தார். “விதியில எதையாவது விட்டீங்களா?”

“ஒரு எழுத்துகூட விடல சார். பாருங்க.”

அவர் கடைசி இரண்டு பக்கத்தையும் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். “நல்லா இருக்கு,” என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியீட்டு விழா ஒரு திங்கட்கிழமை நடந்தது. இயக்குநர் பேசினார்: “இந்த விதிகளை நான் படிச்சதில்லை. படிச்சிருந்தா இப்படி ஒரு முன்னுரை எழுத எனக்கு நேரம் கிடைச்சிருக்காது. ஒரு தலைவன் விதிகளுக்கு முன்னால நிக்கணும். இந்தப் புத்தகத்துல நான் எழுபது பக்கம் முன்னால நிக்கறேன்.” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அண்ணன் அறுபத்தாறு படியும் ஏறி முத்திரைக்காரர் முன்னால் வந்து நின்றார். அட்டையில் முப்பத்தாறு முத்திரை. முத்திரைக்காரர் புது அட்டையில் எத்தனை கட்டம் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு செய்தித்தாள் அளவுப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

‘விண்ணப்பதாரர் வாரிய அலுவலகத்துக்கு 1 முறை யாக வந்து.’

“ஒண்ணா?” என்றார் கண்காணிப்பாளர். சட்டென்று அவருக்கு வேறொன்று உறைத்தது. கண்ணாடியைப் பிடுங்கி அடுத்த பக்கத்துக்குப் போனார். ‘பணியாளர் விடுப்பு ஆண்டுதோறும் 2 நாட் கணக்கில்.’ அவர் அங்கேயே, விண்ணப்பதாரர்களுக்கான பெஞ்சில், உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெஞ்சு ஆடும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கமாவைக் கூப்பிட்டார்கள்.

“துரோகி! என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“நான் எதையும் பண்ணல சார். அந்த எண் தானா மாறும்னு நீங்கதான் வைக்கச் சொன்னீங்க. முதல் பக்கத்துல இருக்கு, ஒண்ணுன்னு காட்டுது. நாப்பத்தோரு கையெழுத்து இருக்கு.”

சட்ட ஆலோசகரை அழைத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். “பக்க எண் சரியா இருக்கு. என் கருத்துல மாற்றமில்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு விடுப்புக் கணக்கு கிடையாது. இயக்குநரிடம் ஓடினார்கள். அச்சான இரண்டாயிரம் பிரதியைத் திரும்பப் பெறுவதா, தன் படத்துக்குப் பக்கத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு தாளை ஒட்டுவதா என்று கேட்டு அவர் மேசையைத் தட்டினார். நான்காம் பதிப்பு வரட்டும், அதற்கு ஒரு குழு அமைக்கிறேன் என்றார். வாரியத்தின் குழுக்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பது எல்லோரையும்விடக் கண்காணிப்பாளருக்குத் தெரியும். அவர் தலையில் கை வைத்தார்.

கமாவுக்குப் பதினோரு மணிக்கு ஒரு கடிதம் வந்தது: ‘தங்கள் பணி முடிவடைந்ததாகக் கருதப்படுகிறது.’ அவள் பையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தாள். அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னிக்கு வந்தது விதிப்படி சரி,” என்றார் முத்திரைக்காரர். “ஆனா இதுக்கு முன்னாடி முப்பத்தாறு தடவை வந்திருக்கீங்க. விதியில இல்லாத வருகை. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விளக்கம் எழுதிக் குடுத்தாத்தான் கருவி.”

“நீங்கதானேய்யா வரச் சொன்னீங்க!”

“அதையே எழுதுங்க.”

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. கமா அவர் கையை அழுத்திவிட்டு உள்ளே போனாள். அவளுடைய கணினியை இன்னும் யாரும் அணைத்திருக்கவில்லை. ‘வரச் சொன்னீர்கள், வந்தேன்.’ ஒரு வரி அடித்து, ஓர் என்டர் தட்டி, காப்பி செய்து முப்பத்தைந்து தடவை ஒட்டினாள். முத்திரைக்காரர் முப்பத்தாறு வரியையும் விரல் வைத்து எண்ணினார். பிறகு கிடங்கிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி வந்தது. மேலே தூசி படிந்திருந்தது. அண்ணன் திறந்து பார்த்தார். வலது காலேதான். அங்கேயே, ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், அடிப்படி வரைக்கும்.

“பெரியவரே, இனிமே ஒரு தடவை போதும்,” என்றார் அண்ணன். “நேரா போயி வாங்கிக்கங்க.”

“யார் சொன்னது?”

“புத்தகத்துல போட்டிருக்கு.”

பெரியவர் தன் மஞ்சள் அட்டையைப் பார்த்தார். பன்னிரண்டு முத்திரை. “வேண்டாம் தம்பி. நான் முப்பத்தெட்டும் வந்துடறேன். குறைச்சு வந்தா ஏதாவது சொல்லுவாங்க.”

“கூட வந்தாலும் சொல்றாங்க ஐயா,” என்றாள் கமா. “இந்தப் பன்னண்டுக்கும் விளக்கம் கேப்பாங்க.”

பெரியவர் மிரண்டுபோய் அவளைப் பார்த்தார். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார். அவர் பார்வை அட்டையில் இருந்தது, கட்டைவிரல் அதை விடாமல் பிடித்திருந்தது. கமாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையிலிருந்த அட்டையை வெடுக்கென்று வாங்கி இரண்டாகக் கிழித்தாள். இன்னொரு தடவை கிழித்தாள்.

“ஐயையோ, என்னம்மா பண்ணே! மூணு மாசம்மா!”

“நீங்க இதுக்கு முன்னாடி இங்க வந்ததே இல்ல,” என்றாள் கமா. “இன்னிக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க. போங்க மேலே.”

“பதிவேட்டுல என் பேர் இருக்குமே?”

“ஆறு வருஷத்துப் பதிவேட்டை எடுத்து யார் தேடப்போறாங்க? இந்த வருஷம் அவங்களுக்கு ரெண்டே நாள்தான் லீவு. எவனுக்கும் கை வராது.”

பெரியவர் அவளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அவருடைய புதுக் காலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்து ஒரு படி ஏறினார், அப்புறம் அடுத்த படி.

அவருக்குப் பின்னால் நின்ற, கை இல்லாத ஒரு பெண் தன் அட்டையைப் பல்லில் கவ்வியிருந்தாள். முகத்தைக் கமாவுக்கு நேராக நீட்டினாள். கமா அதை எடுத்துக் கிழித்தாள். அதற்கடுத்தவர் தானே கிழித்துக்கொண்டார். பிறகு படிக்கட்டின் அடிவரைக்கும் அந்தச் சத்தம்தான்.